கன்று படுக்கும் உயரம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். ஏன் என்று கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். ராஜா ராணி கதை இல்லை இது. ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு புருஷன் பெண்டாட்டி, ஒரு மூக்கு. மூக்கையும் ஓர் ஆளாகத்தான் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

குளிர் இறங்கியிருந்த ஒரு காலை. அவர் கொட்டகை வாசலில் நின்று, வழக்கம்போலக் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். உள்ளே பதினான்கு பசுக்கள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடைக்கோடித் தடுப்புக்குள் கன்றுகள். அதில் ஒன்று இருமியது. கிழவன் இருமுவதுபோல, அடித்தொண்டையிலிருந்து.

"நல்லா இருக்கு. கதகதன்னு இருக்கு" என்றார் அவர்.

பின்னால் பால் வாளியோடு நின்ற மனைவிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழுகை இல்லை, எரிச்சல். வெங்காயத்தைப் பக்கத்தில் வைத்து நறுக்கினால் வருமே, அந்த மாதிரி. முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகு அவளுடைய கண் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள்? அவளே கேட்கவில்லை.

அவருக்கு அந்த வட்டாரத்தில் மூக்குக்காரர் என்றுதான் பெயர். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நடந்து போகிறபோதே, "இது உள்ளுக்குள்ள சூடேறுது, பிரிச்சுப் போடு" என்பார். பிரித்தால் நடுவில் ஆவி பறக்கும். பசுவின் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், "நாளைக்கு இதுக்குத் தீனி இறங்காது" என்பார். மறுநாள் அது தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பால் வண்டி ஓட்டுகிறவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. வாய் ஓயாதவன். "மாமா, உங்க மூக்கை ஒரு வாரம் எங்க ஆபீசுக்கு அனுப்பி வைங்க, பால் பாக்குற மெஷின் ரிப்பேரா கெடக்கு" என்பான். "அக்கா, மாமா தும்மும்போது கொஞ்சம் பாத்துக்க, வீட்டுச் சொத்தே அது ஒண்ணுதான்" என்பான்.

அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக வேறு யாரும் எதையும் முகர்ந்து பார்த்ததில்லை. பால் கெட்டதா, மாவு புளித்ததா, எண்ணெய் சிக்கடித்ததா, எதுவானாலும் அவர் முகத்துக்கு நேரே நீட்டுவாள். அவளாக ஏதாவது, "லேசா வாடை வருதுங்க" என்று ஆரம்பித்தால், "உனக்கு மூக்கு எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அவளுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது.

கொட்டகை கட்டினபோது ஊரே அவரைப் பார்த்துச் சிரித்ததாம். தகரக் கூரையின் இரண்டு பக்கமும் மேலே வந்து சேருகிற முகட்டில், நீளத்துக்கு ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னார். கூரை போடுகிற கொத்தனார், "ஏங்க, கூரைக்குத் தலைவகிடு எடுத்து விடணுமா?" என்று கேட்டார். "ஆமா, எண்ணெய் வெச்சு வாரியும் விடு" என்றார் இவர். மாடு விடுகிற மூச்சு சூடானது, அது மேலே போகும், போகிறதற்கு வழி வேண்டும் என்பது அவர் கணக்கு. மழையில் நடுவிலிருக்கும் நடைபாதை கொஞ்சம் நனையும், நனைந்தால் காயும் என்று விட்டுவிட்டார். பக்கச் சுவர் இடுப்புயரம்தான். அதற்கு மேலே சாக்குகளைச் சேர்த்துத் தைத்த திரை, கயிறு இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். தினமும் காலையும் மாலையும் வாசலில் நின்று ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சில் எந்தப் பக்கத் திரையை எத்தனை முழம் ஏற்றுவது என்று முடிவாகிவிடும். அந்த வருஷம் வரை ஒரு தடவைகூட அவர் கூரைத் தகரம் வியர்த்துச் சொட்டினதில்லை, கன்று இருமினதில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுக்கை. எழுந்தபோது சட்டை தொளதொளத்தது. குளிர் ஆரம்பித்ததும், இதுவரை செய்யாததையெல்லாம் செய்தார். சாக்குத் திரைகளை இறக்கி அடியில் செங்கல் வைத்தார். பால் வண்டி மச்சானைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக முகட்டின் மேல் ஒரு தார்ப்பாயை வீசி, இரு பக்கமும் கம்பத்தில் இழுத்துக் கட்டினார்கள்.

"என்ன மாமா, வகிட்டை மூடிட்டீங்க? தொப்பியா?" என்றான் தம்பி.

"இந்த வருஷக் குளிரு வேற மாதிரி இருக்குடா. எனக்கே எலும்பு வரைக்கும் போகுது. வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்?"

எலும்பு அவருடையது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பத்து நாளில் தகரத்தின் உட்பக்கம் வியர்க்க ஆரம்பித்தது. முத்து முத்தாக நீர் கோத்து, பசுக்களின் முதுகில் சொட்டும். சிலந்தி வலைகள் நனைந்து கயிறுபோலத் தொங்கின. காலையில் போட்ட வைக்கோல் மதியத்துக்குள் பிசுபிசுத்துவிடும். அவள் கூட்டிக் கூட்டிப் புதிது போட்டாள். கன்றுத் தடுப்புக்குள் குனிகிறபோதெல்லாம் மூக்கு காந்தியது. ஒரு நாள் சொல்லியும் பார்த்தாள்.

"உள்ள நெடி அடிக்கிற மாதிரி இருக்குங்க."

"மாட்டுக் கொட்டகையில மல்லிகைப்பூவா மணக்கும்?" என்றார் அவர்.

சரிதான் என்று விட்டுவிட்டாள். அவருடைய மூக்குக்குப் படாதது தன்னுடையதற்கு எப்படிப் படும்?

முதலில் இருமியது செவலைக் கன்று, நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காலையில். மூன்றாம் நாள் பால் குடிக்க எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் செத்தது. "பொறந்ததுலேர்ந்தே சோதாதான் அது" என்று சொல்லிவிட்டு, அவரே குழி வெட்டினார். காய்ச்சலில் இளைத்த உடம்பு, மூன்று தடவை மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். 

பிறகு சுட்டி இருமியது.

சுட்டியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு, அதனால் சுட்டி. பிறந்த அன்றே தாய் போய்விட்டது. அவள்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். நாளுக்கு நான்கு தடவை அதன் மூஞ்சி அவள் மடியில் கிடக்கும். குடித்து முடித்ததும் அவள் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருக்கும். வேலை கெடும். "விடுடி கழுதை" என்பாள், கையை எடுக்க மாட்டாள். அந்தக் கன்று ஒரு நாள் அரைப் புட்டியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. அவள் தம்பியிடம் சொல்லி மாட்டு டாக்டரை வரவழைத்தாள்.

வந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சுட்டிக்கு வெப்பமானி வைத்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இன்னொரு கன்றுக்கும் கேட்டார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு அவர் கண்ணாடியில் விழுந்தது.

"ஏன் எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கீங்க?"

"குளிருதும்மா. குட்டிங்க வெறைச்சுப் போயிடும்" என்றார் அவர். "காத்து நல்லாத்தான் இருக்கு. நான் தினமும் பாக்குறேன்."

"எங்க நின்னு பாக்குறீங்க?"

"வாசல்ல."

"கன்னுக்குட்டி வாசல்ல நிக்கலையே ஐயா. இங்க படுத்துக் கெடக்கு. அது மூச்சு விடுற ஒசரத்துக்கு வாங்க" என்று சொல்லி, டாக்டரம்மா அந்த ஈர வைக்கோலில் மண்டியிட்டு, தலையைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குக் கொண்டுபோனார். எழுந்தபோது கண்ணும் மூக்கும் ஒழுகின. "நீங்க வாங்க."

மூக்குக்காரர் மண்டியிட்டார். நெடுநேரம் இழுத்தார், இரண்டாம் தடவையும் இழுத்தார். தொலைந்துபோன சாமானைத் தேடுகிறவன் அதே பெட்டியை மறுபடி திறப்பதுபோல இருந்தது அது.

"ஒண்ணும் பெரிசா தெரியலையே. எப்பவும் இருக்குற வாடைதான்" என்றார்.

ஆனால் அவர் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. "தூசி" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த ஈரத்தில் தூசி எங்கே இருந்தது என்று அவள் மனசு ஒரு கணம் நின்று கேட்டது. பிறகு சுட்டி இருமியதில் அது மறந்துபோனது.

டாக்டரம்மா ஊசி போட்டார். "குளிர் இதுங்களைக் கொல்லாதும்மா" என்று அவளைப் பார்த்துத்தான் சொன்னார். "வயிறு நெறஞ்சு, படுக்கை காஞ்சிருந்தா எந்தக் குளிரையும் தாங்கும். மூத்திரமும் சாணமும் சேந்து கெளப்புற காரம் இருக்கு பாருங்க, அது நெஞ்சை அரிக்கும். மேல தொறந்து விடுங்க. பக்கத்துத் திரையும் ஏறணும், ஆனா படுத்திருக்குற ஒசரத்துல நேரா காத்து அடிக்கக்கூடாது. மூணு நாள் கழிச்சு வரேன். தொறக்கலேன்னா ஊசி போட்டும் பிரயோசனமில்ல."

டாக்டரம்மா போனபிறகு, "எனக்குக் காத்தைப் பத்திப் பாடம் எடுத்துட்டுப் போவுது" என்றார் அவர். ஒரு திரையை மட்டும் ஒரு சாண் ஏற்றினார். மாலையில் அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு போய் அதையும் இறக்கிவிட்டதை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

மறுநாள் பிற்பகல் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சுட்டிக்குப் புட்டி கொடுக்க ஓடினாள். அது கால் புட்டி குடித்தது. அதை ஊட்டி முடித்துத் திரும்பினால் வீடு பூராவும் கருகல் நாற்றம். பால் அடிப்பிடித்து, தீய்ந்து, சட்டியில் கரித்தோல் ஏறியிருந்தது. வழக்கமாக இப்படி ஆனால் அவர் வயலிலிருந்தே சத்தம் போடுவார். இன்று அவர் சமையலறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அடுப்புக்கு முதுகு காட்டி, கயிற்று முடிச்சு ஒன்றைப் பிரித்துக்கொண்டு.

அவள் சட்டியை இறக்கினாள். அடுத்ததை ஏன் செய்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. மேலாக இருந்த பாலைத் தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு வாய் குடித்தார், நிமிர்ந்தார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எதற்கோ காத்திருக்கிறாள் என்றும் தெரிந்தது.

"என்னமோ போட்டிருக்க போல" என்றார். "நல்லா வாசமா இருக்கே."

அவள் சட்டியைக் கழுவப் போனாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். அடிக்கரி போன பிறகும் தேய்த்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வைக்கோல் போர்ப் பக்கமே போகாதது, பசுவின் வாயருகே குனியாதது, எதை நீட்டினாலும் "நீயே பாரு, எனக்கு வேலை கெடக்கு" என்றது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அந்தச் சட்டிக்குள் விழுந்தன. பாவம் என்று ஒரு பக்கம் இருந்தது. செவலையின் கால்கள் குழிக்குள் மடங்கிக் கிடந்தது இன்னொரு பக்கம் இருந்தது. எதை முதலில் கையில் எடுப்பது என்று தெரியாமல், சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை பால் வண்டி வந்தது. தம்பி இறங்கும்போதே ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, இது மேட்டு வீட்டுப் பாலு. நேத்து சாயங்காலத்துது. நல்லாத்தான் இருக்குன்னு சத்தியம் பண்றாங்க. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. எனக்கு ஜலதோஷம் வேற. ஒரு தடவை மோந்து சொல்லிடுங்க, உங்க தீர்ப்புன்னா அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

மூடியைத் திறந்து நீட்டினான். அவள் அந்தப் பக்கத்தில், தன்னுடைய கேனில் பால் ஊற்றிக்கொண்டு நின்றாள். திறந்த வேகத்தில் லேசான புளிப்பு அவள் மூக்கில் ஏறியது. சந்தேகமே இல்லை.

அவர் கேன்மேல் குனிந்தார். கண்ணை மூடினார், நெஞ்சு நிறைய இழுத்தார், எல்லாம் முறைப்படி. கண்ணைத் திறந்தபோது, கழுத்தைத் திருப்பாமல், பார்வை மட்டும் இப்படியும் அப்படியும் போனது. ஒரு பொழுது அவளுக்கு, அப்படியே விட்டுவிடலாம், ஏதாவது உளறட்டும், ஊர் சிரிக்கட்டும், செவலை செத்ததுக்கு அந்தத் தண்டனையாவது கிடைக்கட்டும் என்று இருந்தது. நான் பொய் சொல்லக்கூடாது கண்ணுகளா, அப்படித்தான் இருந்தது. பிறகு, தம்பியின் தோளுக்குப் பின்னால், அவள் மூக்கைச் சுளித்துத் தலையை மெல்ல அசைத்தாள்.

அவர் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்ததும், அவர் முகத்தில் இருந்த விறைப்பு சட்டென்று இறங்கியது.

"புளிச்சிருக்கு" என்றார்.

"அதானே பாத்தேன்! மாமா மூக்கா கொக்கா?" என்று தம்பி மூடியை அடித்துச் சாத்தினான். "அக்கா, சொன்னேன்ல, இன்சூரன்ஸ் எடுத்து வெய்யி."

"ரொம்பப் பேசாம வண்டியை எடு, வெயில் ஏறுது" என்றாள் அவள்.

வண்டிச் சத்தம் திருப்பத்தில் மறைகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அவர் தரையில் இல்லாத எதையோ காலால் தள்ளினார். அவள் நேராகப் போய், சுவரில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துக் கொட்டகைப் பக்கம் இழுத்தாள். ஏணியின் மறுமுனையை அவர் வந்து தூக்கிக்கொண்டார். 

கம்பங்களில் கட்டியிருந்த கயிறுகளை அவர் அவிழ்த்தார். ஒரு பக்கமாக இழுத்தால் தார்ப்பாய் பாதி வந்து, முகட்டு ஆணி ஒன்றில் மாட்டிக்கொண்டது. அவர் ஏணியில் கால் வைத்தார்.

"நீங்க எறங்குங்க. இன்னும் தலை சுத்துதுன்னு சொன்னீங்கல்ல" என்றாள்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். கூரை விளிம்பைத் தாண்டி, தகரத்தின் மேல் வயிறு படுகிறமாதிரி எட்டிப் பிடித்தாள். தகரம் சில்லென்று இருந்தது. ஆனால் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியதும் உள்ளிருந்து வெதுவெதுவென்று ஒரு மூச்சு அவள் முகத்தில் அடித்தது. அத்தனை நாளும் போக வழியில்லாமல் கிடந்த மூச்சு. இருமல் வந்தது, கண் எரிந்தது. ஆணியிலிருந்து தார்ப்பாய் ஓரத்து வளையத்தை விடுவிக்கிற நேரத்தில், கீழேயிருந்து அவர் குரல் கேட்டது.

"மழைக்காலத்துலயே போயிடுச்சு."

அவள் கை நின்றது.

"திரும்பி வந்துடும், வந்துடும்னு இருந்தேன்." பிறகு, "செவலை... அது என்னாலதானே?"

மேலிருந்து பார்த்தால் அவருடைய உச்சந்தலையும், ஏணியை அழுத்திப் பிடித்த இரண்டு கைகளும்தான் தெரிந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.   அவளுக்கும் மூக்கு இருந்ததே, அதை அவள் என்ன செய்தாள்?

"ஏணியை நல்லாப் புடிங்க" என்றாள்.

"புடிச்சிருக்கேன்."

தார்ப்பாய் சரசரவென்று சரிந்து மறுபக்கம் விழுந்தது. உள்ளே ஒரு பசு திடுக்கிட்டுக் குரல் கொடுத்தது. கொட்டகையின் நீளத்துக்கு, வரிசையாக நின்ற முதுகுகளின் மேல், ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது.

அன்று முழுக்க இரண்டு பேரும் ஈர வைக்கோலை வாரி வெளியே கொட்டினார்கள். தரையைக் கழுவிக் காயவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல் போட்டார்கள். கன்றுகள் படுத்தால் கால் தெரியாத அளவுக்கு. தடுப்பைச் சுற்றிப் பழைய பலகைகளை நட்டு, கீழே காற்று நேராக அடிக்காமல் அவர் மறைத்தார். பேச்செல்லாம், "அந்தப் பலகையைக் குடு", "ஆணி எங்க", அவ்வளவுதான். அவர் உடம்புக்கு மட்டும் அவள் ஒரு பழைய கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "குளுருறது உங்களுக்கு. நீங்க போட்டுக்குங்க" என்றாள். போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்ன நாளில் வந்தார். கூரையைப் பார்த்துவிட்டு இன்னொரு ஊசி போட்டார். பிழைக்குமா என்று அவள் கேட்டதற்கு, "நெஞ்சுல இன்னும் சத்தம் இருக்கு. பாப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு காலையில் கொட்டகை வாசலில் அவர் நிற்பது நிற்கவில்லை. யார் பார்த்தாலும் பழைய மூக்குக்காரர்தான். கண்ணை மூடி நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. ஆனால் மூச்சை விட்டபிறகும் கண்ணைத் திறக்காமல் காத்திருப்பார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய், தடுப்புக்குள் இறங்கி, வைக்கோலில் மண்டியிட்டு, தலையைச் சுட்டியின் தலைக்குப் பக்கத்தில் வைத்து இழுப்பாள். முதல் சில நாட்கள் அவளுக்குத் தன் மூக்கின்மேலேயே நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பிறகு ஒரு தடவையே போதுமாக இருந்தது.

"மேக்கால திரை ஒரு முழம்" என்பாள்.

அவர் கயிற்றை இழுப்பார். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம். ம், போதும்."

நேற்று சுட்டி ஏழு தடவை இருமியது. இன்று காலை, அவள் எண்ணிக்கொண்டிருந்தவரை, நான்கு. புட்டியில் முக்கால் குடித்துவிட்டு, அவள் கட்டைவிரலை வாயில் கவ்விக்கொண்டு, சப்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல அப்படியே வைத்திருந்தது. அவர் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, கம்பளிச் சட்டையோடு வந்து தடுப்பின் மேல் கையை ஊன்றி நின்றார். கன்றின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி, அவள் தோளைத் தாண்டி, அவர் முகத்தைத் தாண்டி, மெதுவாக மேலே போயிற்று. இரண்டு பேரும் அண்ணாந்து, அது வகிட்டுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், நாம் எழுந்துகொள்வோம். உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே மூச்சு விடுகிற அத்தனை உயிரும், நிற்கிறதும் உட்கார்ந்திருக்கிறதும் படுத்துக் கிடக்கிறதும், நெஞ்சு நிறைய இழுத்து நிம்மதியாக விடட்டும் கண்ணுகளா. ஒருத்தருக்குத் தெரியாமல் போனதை இன்னொருத்தர் குனிந்து பார்த்துச் சொல்லுகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.